ரேஷன் புத்தகம், சிகரெட் உறை, பழைய நோட்டு: கியூபாவின் வரலாறு எதில் இருக்கிறது?

கியூபாவைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது பலருக்கும் ஒரு குழப்பம் வரும். மின்வெட்டு, ரொட்டித் தட்டுப்பாடு, அமெரிக்கத் தடை, நாட்டைவிட்டு வெளியேறும் இளைஞர்கள் என எதைப் பற்றிய செய்தியாக இருந்தாலும், பின்னணி விளக்கம் இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது. ஹவானா அரசு சொல்லும் கதையில் 1959க்கு முன்னால் சுரண்டலும் சூதாட்ட விடுதிகளும், அதன் பிறகு விடுதலை. அமெரிக்காவின் மியாமி நகரில் குடியேறிய கியூபர்களில் பலர் சொல்லும் கதையில் முன்னால் செழிப்பு, பிறகு சிதைவு. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆனால் இரண்டுமே ஒரே நாளில்தான் கோடு கிழிக்கின்றன: 1959 ஜனவரி 1, பிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்று சர்வாதிகாரி பாடிஸ்டா நாட்டைவிட்டு ஓடிய நாள்.

அந்தக் கோடு எவ்வளவு உண்மையானது என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சட்டங்களையும் மேடைப் பேச்சுகளையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மக்கள் கையில் புழங்கிய சாதாரணப் பொருட்களைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 1959 பல இடங்களில் உண்மையான எல்லையாகவும், வேறு பல இடங்களில் எல்லையே இல்லாததாகவும் தெரியும். எந்த இடத்தில் எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

எந்தப் பொருட்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆவணக் காப்பகம் என்றதும் உடன்படிக்கைகளும் தலைவர்களின் கடிதங்களும் நினைவுக்கு வரும். அவை நிலைத்திருக்க வேண்டும் என்றே எழுதப்பட்டவை. இன்னொரு வகையும் உண்டு. நோட்டீஸ், டிக்கெட், ரசீது, சிகரெட் உறை, ரேஷன் புத்தகம் போன்றவை. வேலை முடிந்ததும் குப்பைக்குப் போக வேண்டியவை. காப்பகத் துறையில் இவற்றை எபிமெரா என்பார்கள். துண்டுக் காகிதங்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இவற்றோடு உலோக வில்லை, விளக்கு, மின்விசிறி போன்ற புழங்குபொருட்களையும் சேர்த்தே இங்கே பார்க்கிறோம்.

இவற்றைச் செய்தவர்கள் வரலாற்றை மனதில் வைத்துச் செய்யவில்லை. அதனால் பொய்யே சொல்லாது என்று நினைத்துவிடக் கூடாது. விளம்பரமும் பிரச்சாரமும் இந்த வகைக்குள்தான் வருகின்றன. ஆனால் அவை சொல்ல வந்தது ஒன்று, காட்டிக்கொடுப்பது வேறொன்று. அதைப் பிடிக்க மூன்று கேள்விகள் போதும்.

1. இதை யார், யாருக்காக, எங்கே செய்தார்கள்?
2. யார் கையில் இருந்தது? மடிப்பு, முத்திரை, பென்சில் கோடு என்று அந்தக் கை என்ன தடயம் விட்டிருக்கிறது?
3. மற்றவை அழிந்தபோது இது மட்டும் எப்படித் தப்பியது?

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. கியூபா விஷயத்தில் மிக முக்கியமான கேள்வி அதுதான்.

ஆலை வில்லையிலிருந்து ரேஷன் புத்தகம் வரை

19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கியூபாவின் சர்க்கரை ஆலைகள் பலவற்றில் கூலி பணமாகக் கொடுக்கப்படவில்லை. ஆலையின் பெயரும் மதிப்பும் பொறித்த உலோக வில்லைகளையோ சீட்டுகளையோ கொடுத்தார்கள். அவை அந்த ஆலையின் சொந்தக் கடையில் மட்டுமே செல்லும். அரிசி என்ன விலை, துணி என்ன விலை என்று முடிவு செய்பவரும் கூலியை முடிவு செய்பவரும் ஒருவரே. கரும்பு வெட்டு சில மாதங்கள்தான். மீதி மாதங்களில் வேலை கிடையாது, அதே கடையில் கடன்தான். இன்னொரு ஆலையில் கூடுதல் கூலி கிடைத்தாலும் கையில் இருக்கும் வில்லைக்கு அங்கே மதிப்பில்லை. 1909இல் ஆர்தேயாகா சட்டம் இந்த வழக்கத்தைத் தடை செய்தது. ஆனாலும் அது பல இடங்களில் தொடர்ந்தது.

இனி 1962க்கு வருவோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கா முழுமையான வர்த்தகத் தடையை அறிவித்தது. புரட்சிக்குப் பிறகு ஏழைகளின் கையில் பணம் கூடியிருந்தது. விற்பனைக்குப் பொருள் குறைந்திருந்தது. நிலச் சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் விவசாய உற்பத்தியும் தடுமாறியது. மார்ச் 12 அன்று பங்கீட்டுச் சட்டம் வந்தது. லிப்ரேத்தா எனப்படும் ரேஷன் புத்தகம் அதிலிருந்து பிறந்து இன்றுவரை நீடிக்கிறது.

இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். முதலில் குடும்பத்தில் எத்தனை பேர், எந்தெந்த வயதில் என்ற விவரம். பிறகு மாத வாரியாக அரிசி, பருப்பு வகை, எண்ணெய், சர்க்கரை, பட்டாணி கலந்த காப்பித்தூள். ஏழு வயது வரை குழந்தைகளுக்குப் பால். வாங்கியதைக் கடைக்காரர் கையால் குறிப்பார். இதில் அச்சடித்த பகுதி அரசு கொடுத்த வாக்குறுதி. கையால் எழுதிய பகுதி உண்மையில் வந்து சேர்ந்தது. ஒரே குடும்பத்தின் புத்தகங்களைப் பல ஆண்டுகளுக்கு வரிசையாக வைத்துப் பார்த்தால், எந்த ஆண்டில் எந்தக் கட்டம் காலியாகத் தொடங்கியது என்பது தெரிந்துவிடும். இந்த விவரம் எந்தப் பொருளாதார அறிக்கையிலும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்காது.

உணவுக்கு ஒரு புத்தகம் என்றால் துணி, செருப்பு, பொம்மை ஆகியவற்றுக்குத் தனிப் புத்தகம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று பொம்மைகள். முதல் தரம் ஒன்று, அதற்கு அடுத்தது ஒன்று, கடைசித் தரம் ஒன்று. கடையில் யார் எந்த நாளில் வாங்குவது என்பதற்கும் முறை வைத்திருந்தார்கள். முதல் நாள் வாய்ப்புக் கிடைத்த குழந்தைக்கு சைக்கிள் கிடைக்கலாம். கடைசி நாள் போகிற குழந்தைக்கு மிச்சம் மீதிதான். 1970களில் வளர்ந்த கியூபர்கள் ஹவானாவில் இருந்தாலும் மியாமியில் இருந்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஒரு அரசு குழந்தைகளின் பொம்மையைக்கூடச் சமமாகப் பங்கிட நினைத்தது என்பதும், அந்தச் சமத்துவம் வரிசையில் நிற்கும் இடத்தில் உடைந்தது என்பதும் ஒரே கூப்பனில் பதிவாகியிருக்கின்றன.

ஆலை வில்லையையும் ரேஷன் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது? நோக்கம் முற்றிலும் வேறு. வில்லை, முதலாளியின் லாபத்துக்காகத் தொழிலாளியைக் கட்டிப்போட்டது. ரேஷன் புத்தகம், ஏழைக் குழந்தைக்கும் பால் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வந்தது. பல ஆண்டுகள் அதைச் செய்தும் காட்டியது. இந்த வேறுபாட்டை மறைக்கிறவர்கள் நேர்மையாகப் பேசவில்லை. ஆனால் பொருளை வாங்குகிறவரின் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு விஷயம் மாறவில்லை: உங்கள் பெயர் ஒரு கடையில் பதிந்திருக்கிறது, அந்தக் கடையில் என்ன வருகிறதோ அதுதான் உங்களுக்கு. இரண்டுக்கும் வேர் ஒன்று. நிலத்தில் பெரும்பகுதியைக் கரும்புக்குக் கொடுத்துவிட்டு உணவை வெளியிலிருந்து இறக்குமதி செய்யும் தீவு அது. 1959 இதை மாற்றவில்லை; சர்க்கரையை வாங்கும் நாடு அமெரிக்காவிலிருந்து சோவியத் ஒன்றியமாக மாறியது, அவ்வளவுதான்.

இதற்குக் கூர்மையான சான்று 1969ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஜனவரியில் சர்க்கரைக்கே ரேஷன் வந்தது. மறு ஆண்டு ஒரு கோடி டன் சர்க்கரை உற்பத்தி என்ற இலக்குக்காக நாடே கரும்பு வெட்டப் போனது. சுவர்களெல்லாம் அந்த எண்தான். கிடைத்தது சுமார் 85 லட்சம் டன். கியூபாவின் வரலாற்றிலேயே அதிக விளைச்சல் அது. ஆனாலும் இலக்குக்குக் குறைவு என்பதால் தோல்வியாக எழுதப்பட்டது. சுவரொட்டி அந்த ஆண்டின் நம்பிக்கையைச் சொல்கிறது, ரேஷன் புத்தகம் அதற்கு மக்கள் கொடுத்த விலையைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

புத்தகம் இன்றும் உயிரோடு இருந்தாலும் மெலிந்துவிட்டது. 2010இல் சிகரெட் அதிலிருந்து நீக்கப்பட்டது. 2024 தொடக்கத்தில் குழந்தைகளுக்கான பால் பவுடருக்காக அரசு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் உதவி கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு நபருக்கான தினசரி ரொட்டி 80 கிராமிலிருந்து 60 கிராமாகக் குறைந்தது. செய்திகளில் வரும் ரொட்டித் தட்டுப்பாட்டின் பின்னணி இதுதான்.

கூலி ஒப்பந்தமும் சிகரெட் உறையும்

இங்கிருந்து பின்னால் போவோம். 1847 ஜூனில் ஒக்கெண்டோ என்ற கப்பலில் சுமார் 200 சீனர்கள் ஹவானாவில் இறங்கினார்கள். 1874 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீன ஆண்கள் அப்படி வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஸ்பானிய மொழியிலும் சீன மொழியிலும் அச்சிட்ட ஒப்பந்தம். எட்டு ஆண்டு வேலை, மாதம் நான்கு பெசோ, சாப்பாடு, ஆண்டுக்கு இரண்டு உடை.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதியை வாசிக்கும்போது மனம் கனக்கும். கியூபாவில் சுதந்திரத் தொழிலாளிகளும் அடிமைகளும்கூடத் தன்னைவிட அதிகமாகச் சம்பாதிக்கிறார்கள் என்று தனக்குத் தெரியும், இருந்தாலும் இந்தக் கூலிக்குச் சம்மதிக்கிறேன் என்று அந்தத் தொழிலாளியின் வாயாலேயே சொல்லவைத்திருக்கிறார்கள். கியூபாவில் அடிமைமுறை 1886இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, அடிமையின் பக்கத்தில் நிறுத்தி வேலை வாங்க இன்னொரு மனிதனை வரவழைத்து, அவனிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். 1874இல் சீன அரசு அனுப்பிய விசாரணைக் குழு 1,176 வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவரப்பட்டதாகப் பெரும்பாலானவர்கள் சொன்னார்கள். ஒப்பந்தத்தை மட்டும் படித்தால் சம்மதம் தெரியும். வாக்குமூலத்தோடு சேர்த்துப் படித்தால் அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்பட்டது என்பது தெரியும்.

அதே காலத்தில் ஹவானாவின் சிகரெட் ஆலைகள் அழகான வண்ண லித்தோ உறைகளை அச்சிட்டுக்கொண்டிருந்தன. லா ஓன்ராதெஸ் என்ற பெரிய ஆலையில் உறைகளின் படங்கள் அடிக்கடி மாறின. போலிகளைத் தடுப்பது ஒரு காரணம், வாங்குகிறவர்கள் சேர்த்து வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. அந்தக் காலத்து உறைத் தொடர்களில் ஒன்று, கலப்பினப் பெண்ணொருத்தியின் பிறப்பு முதல் மரணம் வரையான கதை. ஆடம்பரம், காதலர்கள், வீழ்ச்சி, கடைசியில் மருத்துவமனை. வெள்ளை இனத்தவர் சிரித்துக்கொண்டே புகைப்பதற்காக வரைந்த படங்கள்.

இவற்றை இன்று அழகுப் பொருளாக மட்டும் விற்கிறார்கள். ஆனால் கறுப்பினத்தவர் மேலே வந்துவிடுவார்கள் என்ற பயம் அன்றைய ஹவானாவில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இவற்றைவிட நேரடியான சான்று குறைவு. அன்றைய பயணிகளின் குறிப்புகளைப் படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. லா ஓன்ராதெஸ் ஆலையில் சீனக் கூலிகள் வேலை பார்த்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரும், உறையில் கேலி செய்யப்பட்டவரும், அதை வாங்கிப் புகைத்தவரும் ஒரே ஊரில்தான் வாழ்ந்தார்கள்.

சுருட்டு ஆலைகளில் கதை வேறு விதமாகப் போனது. 1865 முதல் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்தே பணம் போட்டு ஒருவரை அமர்த்தி, வேலை நேரத்தில் பத்திரிகையும் நாவலும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். 1866இல் ஸ்பானிய ஆளுநர் அதைத் தடை செய்தார். பிறகு அது மீண்டும் வந்தது, இன்றும் இருக்கிறது. எழுத்தறியாதவர்களும் அரசியல் பேசும் இடங்களாக அந்த ஆலைகள் மாறியது அப்படித்தான்.

தபால் தலையும் பண நோட்டும்: அச்சடித்தது யார்?

1898இல் ஸ்பெயின் தோற்றது, அமெரிக்கப் படை வந்தது. அடுத்த ஆண்டு கியூபாவில் புழங்கிய தபால் தலைகளைப் பாருங்கள். அமெரிக்கத் தலைவர்களின் படம் போட்ட அமெரிக்கத் தபால் தலையின் மேலேயே கியூபா என்றும், பெசோவில் மதிப்பும் கறுப்பு மையில் அச்சடித்திருப்பார்கள். முப்பது ஆண்டுகளாகச் சுதந்திரத்துக்குப் போராடிய நாடு அடுத்தவர் முகத்தின் மேல் தன் பெயரை எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. அதே 1899இல் பனைமரமும் கரும்புத் தோட்டமும் போட்ட தபால் தலைகளும் வந்தன. அவையும் வாஷிங்டனில்தான் அச்சாயின. 1902 மே 20 அன்று குடியரசு பிறந்தது. ஆனால் தேவைப்பட்டால் தலையிட அமெரிக்காவுக்கு உரிமை உண்டு என்ற பிளாட் திருத்தம் அதன் அரசியலமைப்பில் 1934 வரை இருந்தது. அந்தத் தபால் தலை அதை முன்கூட்டியே சொல்லிவிட்டது.

பண நோட்டுகள் இதே கதையைத் தொடர்கின்றன. குடியரசுக் காலத்து நோட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் அச்சானவை. 1959 நவம்பரில் சே குவேரா தேசிய வங்கியின் தலைவரானார். அடுத்து வந்த நோட்டுகளில் வெறும் 'சே' என்ற கையெழுத்து. வங்கியாளர்களுக்கு இது அதிர்ச்சி, ஆதரவாளர்களுக்குப் பெருமை. ஆனால் இந்த நோட்டுகளைவிட முக்கியமானது 1961இல் வந்த புதிய தொடர்.

அந்த ஆகஸ்டில் ஒரு வார இறுதியில், முன்னறிவிப்பு இல்லாமல், பழைய நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. நடந்ததை வரிசையாகச் சொன்னால்:

1. எல்லைகள் மூடப்பட்டன. வெளிநாட்டில் இருந்த நோட்டுகள் அப்படியே வெற்றுக் காகிதமாயின.
2. ஒரு குடும்பம் உடனே 200 பெசோவுக்குப் புதிய நோட்டு வாங்கிக்கொள்ளலாம். மீதியை வங்கிக் கணக்கில் போட வேண்டும்.
3. 10,000 பெசோவுக்கு மேற்பட்டது கணக்கில் ஏறவில்லை.

புதிய நோட்டுகள் செக்கோஸ்லோவாகியாவில் ரகசியமாக அச்சாகி வந்திருந்தன. சே பிப்ரவரியிலேயே வங்கியை விட்டுத் தொழில்துறை அமைச்சராகப் போய்விட்டார், ஆனால் அவற்றில் அவர் கையெழுத்துதான் இருந்தது. திட்டம் எத்தனை மாதங்களுக்கு முன்பே தயாரானது என்பது இதிலிருந்து தெரிகிறது. இங்கே 1959ஐவிட 1961தான் உண்மையான எல்லை. மியாமி வீடுகளின் ஆல்பங்களில் இருக்கும் பழைய பெசோ நோட்டுகள் அந்த வார இறுதியில் மதிப்பிழந்தவை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்று மாறவில்லை: தன் பணத்தைத் தானே அச்சடிக்காத நாடு. அச்சக முகவரி அமெரிக்காவிலிருந்து செக்கோஸ்லோவாகியாவுக்கு மாறியது.

1961: ஒரு பாடநூல், ஒரு விளக்கு, லட்சக்கணக்கில் கடிதங்கள்

புரட்சியின் நல்ல பக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் ஹவானாவின் மரியனாவ் பகுதியில் இருக்கும் எழுத்தறிவு அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். 1953 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 23.6 விழுக்காடு. 1961இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், பாதிக்கு மேல் பெண்கள், பலர் பதின்வயதினர், கிராமங்களுக்குப் போனார்கள். பகலில் வயல் வேலை, இரவில் பாடம். மின்சாரம் இல்லாத குடிசைகளுக்காகச் சீனாவிலிருந்து பெட்ரோமாக்ஸ் மாதிரியான மண்ணெண்ணெய் விளக்குகள் வந்தன. சில ஆசிரியர்கள் எதிர்ப்புரட்சிக் குழுக்களால் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 22 அன்று இயக்கம் முடிந்தபோது ஏழு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் படிக்கக் கற்றிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 3.9 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது.

கடைசித் தேர்வு ஒரு கடிதம். கற்றவர் பிடல் காஸ்ட்ரோவுக்குத் தன் கையால் எழுத வேண்டும். அப்படி வந்த லட்சக்கணக்கான கடிதங்கள் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாசகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: புரட்சிக்கு நன்றி, இப்போது எனக்கு எழுதத் தெரியும். அரசு சொல்லிக்கொடுத்த வாசகம்தானே என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. வாசகத்தை அரசு கொடுத்தது உண்மை. ஆனால் அறுபது வயதில் முதன்முதலாகப் பென்சில் பிடித்தவரின் எழுத்தை அரசு எழுதிக்கொடுக்க முடியாது. கோணலான அந்த வரிகளில்தான் ஆவணம் இருக்கிறது.

பாடநூல் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. முதல் பாடம், அமெரிக்காவின் செல்வாக்கில் இருந்த அமெரிக்க நாடுகளின் அமைப்பைப் பற்றியது. காரணம் எளிது: அதன் ஸ்பானியச் சுருக்கப் பெயரான ஓ.இ.ஏ. மூன்றுமே உயிரெழுத்துகள். இரண்டாவது பாடம் நிலச் சீர்திருத்த நிறுவனம். முதல் எழுத்தைக் கற்கும்போதே கூட்டாளி யார், எதிரி யார் என்பதும் வந்துவிடுகிறது. எழுத்தறிவும் அரசியலும் ஒரே மூச்சில் கற்பிக்கப்பட்டன. இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது பாதி உண்மை.

இத்தகைய காகிதங்களைக் கையாளும்போது உதவும் ஒரு குறிப்பு. நம் பிரபவ, விபவ வரிசை போல, 1959 முதல் கியூபாவில் ஒவ்வொரு ஆண்டுக்கும் அரசு ஒரு பெயர் வைத்தது. 1961 கல்வி ஆண்டு, 1962 திட்டமிடல் ஆண்டு, 1967 வீர வியட்நாம் ஆண்டு, 1970 ஒரு கோடி டன் ஆண்டு. அலுவலகக் கடிதத்தில் எண் மங்கிப்போனாலும் இந்தப் பெயரை வைத்து ஆண்டைச் சொல்லிவிடலாம்.

சுவரொட்டியின் மடிப்பு

உலகமெங்கும் அருங்காட்சியகங்களில் தொங்கும் கியூபச் சுவரொட்டிகளைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லி நகரலாம். 1966இல் ஹவானாவில் தொடங்கிய ஓஸ்பால் என்ற, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டங்களின் ஒற்றுமை அமைப்பு, தன் சுவரொட்டிகளை மடித்து டிரைகாண்டினென்டல் இதழுக்குள் வைத்து உலகம் முழுக்க அனுப்பியது. ஸ்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, அரபி என நான்கு மொழிகளில் வாசகம். எனவே பழைய பிரதிகளில் பெரும்பாலும் மடிப்புக் கோடு இருக்கும். விற்பவர்கள் அதைக் குறை என்பார்கள். உண்மையில் அது தபாலில் போன வழியின் தடயம். ஒரு சின்னத் தீவு ஆப்பிரிக்காவோடும் வியட்நாமோடும் எப்படிப் பேசியது என்பதை அந்த மடிப்பு சொல்கிறது.

இல்லாதவை சொல்வது

இப்போது மூன்றாவது கேள்வி. எது மிஞ்சியது என்பதோடு எது மிஞ்சவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

1. அழித்தால்தான் உயிர் பிழைக்கும் என்ற நிலை. பாடிஸ்டா காலத்தில் காஸ்ட்ரோவின் ஜூலை 26 இயக்கம் நிதி திரட்டச் சிறு பத்திரங்களை விற்றது. வீட்டில் அது சிக்கினால் கைது, சித்திரவதை. வாங்கியவர்கள் எரித்திருப்பார்கள். இன்று மிஞ்சியவற்றை எண்ணி அன்றைய ஆதரவை அளக்க முடியாது.

2. அழிக்கப்பட்ட முகம். ரெவலூசியோன் நாளிதழின் ஆசிரியராக இருந்த கார்லோஸ் பிராங்கி 1968இல் காஸ்ட்ரோவிடமிருந்து முறித்துக்கொண்டார். அதன் பிறகு வெளியான ஒரு படத்தில் காஸ்ட்ரோவின் பின்னால் நின்ற அவர் காணாமல்போனார். பழைய பிரதியும் புதிய பிரதியும் இரண்டும் இருப்பதால்தான் இது நமக்குத் தெரியும்.

3. வெட்டப்பட்ட ஓரம். உலகில் மிக அதிகமாக அச்சான சேயின் படத்தை அல்பெர்தோ கோர்தா 1960 மார்ச் 5 அன்று, ஹவானா துறைமுகத்தில் நடந்த லா கூப்ர் கப்பல் வெடிப்பில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில் எடுத்தார். மூலப் படச்சுருளில் ஒரு பக்கம் இன்னொரு மனிதரின் முகம், மறுபக்கம் பனை ஓலை. மறுநாள் ரெவலூசியோன் நாளிதழ் அதைப் போடவில்லை. 1967இல் சே இறந்த பிறகுதான் அது உலகம் சுற்றியது. ஓரங்களை வெட்டியதும், துக்கக் கூட்டத்தில் நின்ற ஒரு மனிதர் காலமற்ற வீரராகிவிட்டார்.

4. வீட்டுச் சாமான் பட்டியல். 1960களில் நாட்டைவிட்டுப் போக விண்ணப்பித்தவர்களின் வீடுகளில் அதிகாரிகள் வந்து கட்டில், நாற்காலி, பாத்திரம் என எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார்கள். கிளம்பும் நாளில் அவை அத்தனையும் அங்கேயே இருக்க வேண்டும். அந்தப் பட்டியல்களைப் போல ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வாழ்க்கையை முழுமையாகச் சொல்லும் ஆவணம் வேறு இல்லை. அந்தக் குடும்பம் அதையெல்லாம் இழந்ததற்கும் அதுவே ஆவணம்.

1990க்குப் பின்: காகிதமும் இல்லாத காலம்

சோவியத் ஒன்றியம் சரிந்ததும் கியூபாவின் பொருளாதாரம் சில ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. காகிதத் தட்டுப்பாட்டில் நாளிதழ்களே மெலிந்தன. இந்தக் காலத்துக்கு ஆவணம், பொருட்கள்தான். சோவியத் தயாரிப்பான ஔரிகா சலவை இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றிச் செய்த மின்விசிறி. உணவகத்தின் அலுமினியத் தட்டில் செய்த டிவி ஆன்டெனா. மோட்டார் பொருத்திய சைக்கிள். சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் வந்தன. 1992இல் ராணுவப் பதிப்பகம், மக்கள் அனுப்பிய இத்தகைய உத்திகளைத் தொகுத்து ஒரு புத்தகமாகவே வெளியிட்டது. கலைஞர் எர்னெஸ்தோ ஒரோசா இந்தப் பொருட்களைப் பல ஆண்டுகள் சேகரித்து ஆவணப்படுத்தினார்.

1994 ஆகஸ்டில் 30,000க்கும் மேற்பட்டவர்கள் டயர் டியூபும் மரக்கட்டையும் கட்டிய மிதவைகளில் கடலில் இறங்கினார்கள். அந்த மிதவைகளில் சில இன்று புளோரிடாவின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்த மின்விசிறியும் இந்த மிதவையும் ஒரே கைகள் செய்தவை. ஒன்றை ஹவானா புத்திசாலித்தனம் என்கிறது, மற்றதை மியாமி துணிச்சல் என்கிறது. கட்டிய விதத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரே பட்டறையில் கற்ற வேலை.

இவை எங்கே சிதறிக் கிடக்கின்றன?

முழுக் கதையும் ஒரே கூரையின் கீழ் இல்லை. காலனி ஆட்சியின் ஆவணங்களில் ஒரு பெரும் பகுதியை ஸ்பெயின் 1888-89இல் செவில் நகரத்துக்கு எடுத்துப்போய்விட்டது. 1840இல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகமும் தேசிய நூலகமும் ஹவானாவில், ஈரப்பதத்தோடும் பூச்சிகளோடும் பணத் தட்டுப்பாட்டோடும் போராடுகின்றன. குடியேறியவர்களின் கடிதங்களும் ஆல்பங்களும் மியாமி பல்கலைக்கழகத்தின் கியூபப் பாரம்பரியத் தொகுப்பில். அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்கள் உள்ள தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளை அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் கணினியில் ஏற்றிவருகிறது. ஒரு ஆய்வாளர் ஹவானா விசாவோடு ஒரு பாதியையும், அமெரிக்க விசாவோடு மறு பாதியையும் பார்க்க வேண்டும். கியூபாவிலேயே வாழும் ஆய்வாளருக்கு அந்த மறு பாதி பெரும்பாலும் கைக்கு எட்டாதது. இரண்டு கதைகள் தனித்தனியே வளர்ந்ததற்கு இது ஒரு நேரடியான காரணம்.

காகிதம் நீதிமன்றத்துக்குப் போகும்போது

இது வெறும் அருங்காட்சியக விஷயமாக இருந்திருந்தால் செய்தியில் அடிபடாது. 1960 அக்டோபரில் கியூபா 382 பெரிய நிறுவனங்களை ஒரே சட்டத்தில் தேசியமயமாக்கியது. அந்த ஆண்டுகளில் போன சொத்துகளுக்காக அமெரிக்க அரசு சான்றளித்த கோரிக்கைகள் மட்டும் 5,913. கியூபா பறித்த சொத்தைப் பயன்படுத்துகிறவர்கள் மீது அமெரிக்காவில் வழக்குப் போட வழிசெய்யும் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டத்தின் மூன்றாம் பகுதி 2019 மே மாதம் நடைமுறைக்கு விடப்பட்டதும், பழைய பத்திரங்கள் திடீரென்று வழக்குச் சான்றுகளாகிவிட்டன.

ஹவானா கிளப் ரம் பாட்டிலின் லேபிள் ஒரு உதாரணம். அதைத் தொடங்கியது அரெச்சபாலா குடும்பம். ஆலை 1960இல் தேசியமயமானது. அமெரிக்காவில் குடும்பத்தின் வணிகப் பெயர்ப் பதிவு 1973இல் காலாவதியானது. 1976இல் கியூப அரசு நிறுவனம் அதைத் தன் பெயரில் பதிந்தது. பிறகு குடும்பத்தின் உரிமையை பகார்டி என்ற ரம் நிறுவனம் வாங்கியது. இப்படிப் பறிக்கப்பட்ட நிறுவனங்களின் வணிகப் பெயர்களுக்கு அமெரிக்காவில் அங்கீகாரம் கிடையாது என்ற புதிய சட்டத்தில் 2024 டிசம்பரில் அதிபர் பைடன் கையெழுத்திட்டார். பழைய லேபிளில் யார் பெயர் இருந்தது என்பது இன்று பல கோடி டாலர் கேள்வி.

இன்னொன்று ஹவானா துறைமுக வழக்கு. ஹவானா டாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருந்த துறைமுக மேடைகளை கியூபா 1960இல் எடுத்துக்கொண்டது. 2016 முதல் அங்கே கப்பல்களை நிறுத்திய நான்கு சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் மொத்தம் 40 கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்று 2022இல் மியாமி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைப் புரட்டிப்போட்டது. காரணம் பழைய உரிமப் பத்திரத்தில் இருந்தது. அந்த நிறுவனத்துக்குத் துறைமுகத்தை 1905இலிருந்து 99 ஆண்டுகளுக்குத்தான் பயன்படுத்தக் கொடுத்திருந்தார்கள். யாரும் பறிக்காமல் விட்டிருந்தாலும் அது 2004இல் முடிந்திருக்கும், கப்பல்கள் வந்ததோ அதற்குப் பிறகு. வழக்கு அதன் பிறகும் மேலே போனது. பறித்தது நியாயமா என்ற பெரிய கேள்வி அப்படியே நிற்க, புரட்சிக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் எழுதிய ஒரு காலக்கெடுதான் அந்த நீதிமன்றத்தில் முடிவைத் தீர்மானித்தது.